மறுசத்தம் கொடுக்காத ஊர்

நவம்பர் 4, செவ்வாய்

ஏரிச் சாலையில் சேனாதிபதி படத்தின் போஸ்டர். மூடுபனிக்குள் ஒரு பெண்ணின் முதுகு, கீழே சிவப்பில் ‘மறுசத்தம்’. பசை காயவில்லை. சவாரிக் குதிரை ஒன்று முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. குதிரைக்கு ரசனை இருக்கிறது.

மன்னவனூர்ப் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். ப்ளஸ் டூவோடு படிப்பை விட்டுப் பூண்டு வியாபாரத்துக்குப் போனான். நான் சென்னைக்குப் போய் சவுண்ட் இன்ஜினியரிங் படித்தேன், ஸ்டூடியோவில் உதவியாளனாக இருந்தேன். இப்போது ரிசார்ட்டில் கேம்ப்ஃபயருக்கு ஸ்பீக்கர் கட்டுகிறேன். அவன் டைரக்டர்.

போன வருஷம் சவுண்டு செய்து தரச் சொல்லி வந்தான். என்ன மைக் என்று கேட்டேன். போனைக் காட்டினான். இதில் எடுப்பது கல்யாண வீடியோவுக்குக்கூடத் தேறாது என்றேன். அதிலிருந்து பேச்சில்லை. நான் சொன்னது இன்றைக்கும் சரிதான்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று ரிலீஸ். நான் போகப் போவதில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

போனேன். இங்கே பார்த்தால் தெரிந்தவன் எவனாவது பார்த்துத் தொலைப்பான் என்று சிநேகிதன் ஆனந்த் ஓட்டுகிற கேரட் லாரியில் ஏறி ஒட்டன்சத்திரம் போனேன். லோடு இறக்கியதும் அவனும் கூட வந்தான். மதியக் காட்சி. மூட்டை தூக்குகிறவர்கள், கமிஷன் கடை ஆட்கள், டிரைவர்கள். நல்ல கூட்டம் என்று எழுதக் கை வரவில்லை. கூட்டம் இருந்தது.

எங்கள் மேல்மலை வழக்கத்தைத்தான் எடுத்திருக்கிறான். மூடுபனி இறங்கினால் முன்னால் போகிற மாடு தெரியாது. வழி தவறியவர் ‘கூ’ என்று சத்தம் கொடுப்பார். காதில் விழுந்தவர் மறுசத்தம் கொடுக்க வேண்டும். யார் என்று கேட்கக் கூடாது. முகம் பார்த்துப் பேசாத பகையாளியாக இருந்தாலும் கொடுத்தே ஆகவேண்டும். படத்தில் ஒரு ஊர் கூடி, ஒரு பெண்ணுக்கு மட்டும் மறுசத்தம் கொடுப்பதில்லை என்று முடிவெடுக்கிறது. அவள் பனிக்குள்ளேயே போய்விடுகிறாள். அதன் பிறகு கிழங்கு தோண்டும் காலம் வந்தால் அவள் சத்தம் மட்டும் வருகிறது. ஒவ்வொரு வீடாக நெருங்கி வருகிறது.

முதல் பாதி தொய்வு. பின்னாலிருந்து ஒருவர், “ஒரு மணி நேரமா கெழங்குதான்டா தோண்டுறாய்ங்க” என்றார். எழுந்துபோய் அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு திரை முழுக்க வெள்ளை. ஆள் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கிருந்தோ ஒரு ‘கூ’. படத்தில் ஊர் மௌனமாக நிற்கிறது. தியேட்டரும் அப்படியே. பக்கத்து சீட்டு மீசைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

எனக்கும் மயிர் கூச்செறிந்தது. ஆனால் வேறு காரணம். அது என் அம்மாவின் குரல்.

மேலே ஏறி, முடியும் இடத்தில் லேசாக உடையும். சந்தேகமே இல்லை. சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ச் சோறு தின்பேன். இங்கே அதைக் கேட்டு ஒட்டன்சத்திரமே விறைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறது.

போனில்தான் எடுத்திருக்கிறான். மைக்கில் காற்று அடிப்பது பச்சையாகக் கேட்கிறது. முதல் வருஷ மாணவன்கூட இப்படிச் செய்யமாட்டான். வெளியே வரும்போது ஒருவர் சொல்கிறார்: “அந்த மூச்சு வாங்குற சத்தம் இருக்கே, ஈரக்குலையே நடுங்கிருச்சுப்பா.”

அது மூச்சு இல்லய்யா. காத்து. வெறும் காத்து.

வடகவுஞ்சி வரைக்கும் ஆனந்த் கேரட் விலையைப் பேசிக்கொண்டு வந்தான். அப்புறம் மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி சொன்னான்: “ஏலே, படம் நல்லாத்தான்டா இருக்கு.”

நவம்பர் 11, செவ்வாய்

ஊருக்குப் போனேன். அம்மா பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டேன். ஒளிக்கவில்லை. தை மாதம் மேகம் இறங்கிய ஒரு நாள் சேனா வந்தானாம், நாலு தடவை கூவச் சொன்னானாம், டீ குடித்துவிட்டுப் போனானாம். எனக்கு ஏன் சொல்லவில்லை? பேச்சில்லாத பயல்களுக்கு நடுவில் போய் என்னத்தைச் சொல்ல என்கிறாள்.

சவுண்டு படித்த பிள்ளை நான் இருக்கிறேன், நான் எடுத்திருந்தால் இதைவிடச் சுத்தமாக எடுத்திருப்பேன் என்றேன்.

“நீ எங்கப்பா கேட்ட? அவன் கேட்டான்.”

அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன், கோபமாகச் சாப்பிட்டேன்.

என்னிடம் நல்ல மைக் இருக்கிறது. காற்றுத் தடுப்பு உறை போட்டது. அதில் இதுவரை என்ன எடுத்திருக்கிறேன்? செக், செக், ஒன், டூ.

நவம்பர் 14, வெள்ளி

ரிசார்ட்டுக்கு வந்த பையன்கள் கேம்ப்ஃபயரில் “அந்தப் பேய்ச் சத்தம் போடுங்க ப்ரோ” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். ஒருவன் அதை ரிங்டோனாகவே வைத்திருக்கிறான். பார்பிக்யூ வாங்க வரிசையில் நிற்கும்போது அவன் பாக்கெட்டிலிருந்து அம்மா கூவினாள். நான் திரும்பிப் பார்த்தேன். சே.

நவம்பர் 17, திங்கள்

நல்ல செய்தி. ஊரில் கொந்தளிப்பு. படத்தைப் பார்க்காமலே கதையைக் கேட்டுவிட்டு, எங்கள் தெரு கந்தம்மாள் சேனாவைப் பஸ் ஸ்டாப்பில் நிறுத்திக் கேட்டிருக்கிறாள்: “நாங்க எந்தக் காலத்துலடா மறுசத்தம் குடுக்காம இருந்தோம்?” ஊர்க்கூட்டம் போட்டு அவனை இனி எந்தக் காட்டிலும் கேமரா வைக்கவிடக் கூடாது என்று பேச்சு. அவன் எழுதி வைத்திருக்கும் அடுத்த படமும் இதே மலைதானாம். ஆக, முடிந்தது.

முதலில் படத்தைப் பாருங்கள், அப்புறம் முடிவு பண்ணுங்கள் என்று கெஞ்சியிருக்கிறான். சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் திரை கட்டுகிறான். சவுண்டு செட்டு நான் தருவேனா என்று அம்மா மூலமாகக் கேட்டான்.

சரி என்றேன். அவன் விழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். வேறு காரணம் இல்லை.

நவம்பர் 22, சனி

சாயங்காலமே மேகம் இறங்கிவிட்டது. புரொஜெக்டர் வெளிச்சம் கட்டிப் பால் மாதிரி நின்றது. சேனா என்னிடம் வந்து, “வயர் பத்துமா?” என்றான். “பத்தும்” என்றேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு பேசியது அவ்வளவுதான். இளைத்துவிட்டான். எனக்கென்ன.

ஊரே வந்திருந்தது, போர்வையைச் சுற்றிக்கொண்டு, சண்டைக்கு வந்த முகத்தோடு. கிழங்கு தோண்டும் காட்சியில் ஒருவரும் சலிக்கவில்லை. மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை என்று நடிகனைத் திட்டினார்கள்.

வெள்ளைத் திரை வந்தது. என் விரல் வால்யூமில் இருந்தது. இதை இறக்கிவிட்டால் அந்தக் காட்சி செத்துப்போகும், யாருக்கும் தெரியாது, ஜெனரேட்டர் மேல் பழி போட்டுவிடலாம். இதை யோசிக்கவில்லை என்று எனக்கே பொய் எழுத மாட்டேன்.

‘கூ’ வந்தது.

முன்வரிசையில் கந்தம்மாள் எழுந்து நின்று, திரையைப் பார்த்து, “ஓ...ய்” என்றாள். அடுத்த நொடி எல்லோரும். ஆம்பிளை, பொம்பிளை, சண்டைக்கு வந்தவன், மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை. திரையில் அந்த ஊர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது, கீழே எங்கள் ஊர் தொண்டை கிழியக் கொடுக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் சத்தத்துக்குத் தானே மறுசத்தம் கொடுத்தாள். அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. மறுபடி ‘கூ’. மறுபடி “ஓ...ய்”. “இந்தப் பக்கம் வாடி, இந்தப் பக்கம்” என்று யாரோ அழுதார்கள்.

பயம்? ஒரு துளி இல்லை. பேய்ப் படத்தின் உயிரான இடம் அது. அந்த மௌனம்தான் படம். அதை ஊர் மிதித்து நாசமாக்கிவிட்டது. நான் சிரித்திருக்க வேண்டும்.

தொண்டை வலித்தபோதுதான் தெரிந்தது, நானும் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று. வால்யூமைப் பார்த்தேன். ஏற்றியிருக்கிறேன். எப்போது ஏற்றினேன்?

முடிந்ததும் கந்தம்மாள் சேனாவிடம் போனாள். எல்லோரும் பின்னால் போனார்கள். “அது கெட்ட ஊரு. நம்ம ஊரு இல்ல,” என்றாள். “அவளுக்கு நாங்க குடுத்துட்டோம். நீ போயி ஒன் சோலியப் பாரு.” அவ்வளவுதான் ஊர்க்கூட்டம்.

சேனா திரைத் துணியைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் வயரைச் சுருட்டினேன்.

நவம்பர் 23, ஞாயிறு

ரெக்கார்டர் பைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஆன் பண்ணவே இல்லை. நேற்று அந்த மைதானத்தில் கேட்ட சத்தம் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது. முட்டாப்பய நான். அவனாவது போனில் எடுத்தானா என்று கேட்டு அனுப்பினேன். அவனும் எடுக்கவில்லை. அந்த வரைக்கும் நிம்மதி.

டிசம்பர் 11, வியாழன்

சேனாவும் நானும் வெள்ளனே கிளம்பிக் காட்டுக்குப் போய்விட்டோம். அடுத்த படத்துக்கு இந்தத் தடவை என் மைக், என் உறை, நான் சொல்கிறபடிதான் என்று கறாராகச் சொல்லியிருக்கிறேன். ‘மறுசத்தம்’ முதல் பாதி தொய்வு என்பதையும் சொன்னேன். தெரியும் என்றான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

சரியான மேகம். மைக் கம்பின் நுனி தெரியவில்லை. சேனாவை எதிர்ச் சரிவுக்கு அனுப்பினேன். நீ கூவு, நான் மூச்சுகூட விடமாட்டேன், சுத்தமான அமைதி வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

கூவினான். ஆடு கத்துவது மாதிரி இருந்தது. எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை.

ஹெட்போனில் அடுத்து வந்தது என் குரல்தான். “ஓ...ய்.”

பனிக்குள்ளிருந்து திட்டினான்: “ஒன்னய எவன்டா குடுக்கச் சொன்னது?”

டேக் வீண். மறுபடி கூவச் சொன்னேன். மறுபடியும் கொடுத்தேன்.