ஊர்ப் பெயருக்கு விட்ட இடம்

தி. நகர்
புதன்கிழமை

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீயும் அங்கே சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஒழுங்காக வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாய் என்று நம்பி இதைத் தொடங்குகிறேன். நலம் என்று எழுத இந்தத் தடவை கை ஓடவில்லை, விட்டுவிட்டேன். அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து கையில் அடி என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். உன் குரலைக் கேட்டுக்கொண்டு நடந்ததைச் சொல்ல எனக்கு வராது, நீ அழ ஆரம்பித்தால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். லீவுக்கு வந்த உன் சிநேகிதி ஸ்நேஹா வெள்ளிக்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உறையில் விலாசம் கிடையாது, உன் ஊர்ப் பெயரை உள்ளேயும் எழுதப் போவதில்லை. முதலில் கதவைச் சாத்திவிட்டு உட்கார், பிறகு படி.

உன் புருஷன் (கோர்ட்டில் இன்னும் தீர்ப்பு வராததால் அப்படித்தான் எழுதவேண்டியிருக்கிறது) சேரன் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தான். அப்பா ஹால் மேஜையில் பொம்மைக் காரோடு உட்கார்ந்திருந்தார். பாத்திரக் கடையை முருகன் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்தவருக்கு நீ வாங்கிக் கொடுத்து ஏற்படுத்திய பைத்தியம் அது, அதற்கு நீதான் பொறுப்பு. ஸ்டாக் கார் என்று நீ சொன்னதும், கடையில் ஸ்டாக் இருக்கிற கார் போலிருக்கிறது, விற்றுத் தள்ளலாம் என்று நினைத்த மனுஷன், இன்றைக்கு அமெரிக்காவில் வட்டமாகச் சுற்றி ஓடுகிற அந்தப் பந்தயக் கார் ஒவ்வொன்றும் எந்த வருஷம் என்ன நிறம் என்று எனக்குப் பாடம் நடத்துகிறார். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி முடிக்க ஒரு வாரம், பெயிண்ட் அடிக்க ஒரு மாதம். ஸ்ப்ரே அடித்தால் சட்டென்று முடியுமே என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார், பிரஷ்தான். தண்ணீர் மாதிரி கரைத்து ஒரு பூச்சு, மறுநாள் வரை யாரும் பக்கத்தில் போகக்கூடாது, பிறகு இன்னொரு பூச்சு. தூசி ஒட்டும் என்று ஃபேனை வேறு நிறுத்திவிடுவார். சித்திரை வெயிலில், மூன்றாவது மாடியில், ஒரு பொம்மைக்காக நான் வெந்து சாகவேண்டும். என்னைவிடக் கார்தான் உசத்தியா என்று நான் போட்ட சண்டைகள் உனக்குத் தெரியாததா. அன்றைக்கும் ஃபேன் நின்றுதான் இருந்தது. அந்தப் பழைய மாடல் கார்களில் பின்பக்கக் கதவுக்கு அருகே ஓட்டுகிறவனின் ஊர்ப் பெயரைச் சின்னதாக எழுதியிருப்பார்களாம். ஒட்டுவதற்குக் கொடுத்த ஸ்டிக்கர் பொடிந்துபோனதால், பாத்திரத்தில் பெயர் வெட்டிப் பழகிய கையால் அப்பா அதைப் பிரஷ்ஷிலேயே எழுதிக்கொண்டிருந்தார். ராக்கிங்ஹாம் என்று ஓர் ஊர். ராக்கிங் வரை எழுதியாகிவிட்டது, ஹாம் பாக்கி.

பெல் அடித்தது. அத்தை, தண்ணி குடுங்க என்றான். அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன், முகமும் அப்படித்தான் வெளிறிக் கிடந்தது. திறந்துவிட்டேன், புத்தி கெட்டவள். உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டான். அடுப்பில் இட்லிக் கொப்பரை கொதித்துக்கொண்டிருக்கிறது, நான் டம்ளரோடு வருகிறேன், அதைத் தட்டிவிட்டான். டீபாய் மேல் கிடந்த என் போனையும் அப்பாவின் போனையும் எடுத்துத் தரையில் அடித்தான். பிறகு ரொம்ப நிதானமாக, எங்க இருக்கா அவ என்று கேட்டான். அப்பா எழுந்து நின்று, மாப்ள, ஒக்காருங்க, பேசுவோம் என்றார். அந்த நேரத்திலும் மாப்ள! அவன் கண்ணாடி அலமாரியைத் திறந்து முதல் காரை எடுத்தான். அந்த வாடாமல்லி நிறத்துக் கார், உனக்குக்கூட படம் அனுப்பினாரே, அதுதான். அதைத் தரையில் வைத்து ஷூ காலால் மிதித்தான். ஃபேன் ஓடாத வீட்டில் பிளாஸ்டிக் நொறுங்குகிற சத்தம் எப்படிக் கேட்கும் என்று எனக்கு இப்போது தெரியும். எங்க இருக்கா என்றான். அடுத்தது பன்னீர் சோடா நிறத்துக் கார், அதையும் மிதித்தான். அப்புறம் மஞ்சள். ஒவ்வொன்றாக எடுப்பான், அப்பாவின் முகத்துக்கு நேரே பிடிப்பான், கேட்பான், மிதிப்பான். உன்னையும் இப்படித்தான் நிறுத்தி நிறுத்தி அடித்திருப்பான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் இடது காதில் ரத்தம் வந்த அன்றைக்கு, சண்டை என்றால் இரண்டு பக்கமும் இருக்கும்டீ என்று சொன்னேன் பார், அந்த வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும்.

அலமாரி காலியானதும் மேஜை மேல் இருந்த காரில் கை வைத்தான், பெயிண்ட் அவன் விரலில் ஒட்டியது. அப்போது அப்பா, ராக்கிங்ஹாம், ராக்கிங்ஹாம்ல இருக்கா என்றார். எனக்கே ஒரு நிமிஷம் புரியவில்லை. அவன் நின்றான், போனை எடுத்தான், ஸ்பெல்லிங் கேட்டான். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் உன் அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, வாடிக்கையாளரிடம் பாத்திரத்தின் கனத்தைக்கூடக் கூட்டிச் சொல்லத் தெரியாமல் முப்பது வருஷம் கடை நடத்தியவர். எழுத்தைச் சொல்லும்போது கண் காரின் மேல் போய்விட்டது, பார்த்துப் படிக்கிறார்! ராக்கிங் முடிந்ததும் எழுத்து இல்லை, அங்கே தடுமாறிவிட்டார். சேரன் குனிந்து பார்த்தான். ஈரம் காயாத அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். காரைச் சுவரில் வீசினான். அப்பாவின் வலது கையை மேஜை மேல் இழுத்து வைத்து, ஒட்டிய பாகங்கள் அசையாமல் இருக்க அவர் பாரமாக வைத்திருக்கும் பேர் வெட்டுகிற சுத்தியலை எடுத்தான். அவருடைய சொந்தச் சுத்தியல். முதலில் ஆள்காட்டி விரல். கேட்டான். நான் அவன் முதுகில் குத்தினேன், முடியைப் பிடித்து இழுத்தேன், முழங்கையால் என் முகத்தில் ஒரு இடி இடித்தான், நான் அலமாரிக் கண்ணாடியில் போய் விழுந்தேன். அடுத்து நடுவிரல். முதல் விரலுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அப்பா, இரண்டாவது விரலுக்குத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி அலறினார். அந்த அலறலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், கடைசியில் சொல்கிறேன். மூன்றாவது விரல் உடைகிற நேரத்தில் நான் அடுப்படியில் இருந்தேன்.

கொப்பரை மூடியைத் தூக்கி எறிந்தேன், இட்லித் தட்டையும் எறிந்தேன், புடவைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்து அந்தத் தண்ணீரை அப்படியே கொண்டுபோய் அவன் தொடையிலிருந்து கால்வரை ஊற்றினேன். அப்பா மேல் படாமல் ஊற்றவேண்டுமே என்று மட்டும்தான் யோசித்தேன். அவன் கத்திக்கொண்டு விழுந்தான், விழுந்தவன் தலையில் வெறும் கொப்பரையாலும் ஒன்று போட்டேன். அவன் தான் மிதித்த பிளாஸ்டிக் துண்டுகள் மேலேயே புரண்டான், முழங்கையெல்லாம் ரத்தம். வாட்ச்மேன் சின்னப்பையன் கீழே இருந்து ஓடிவந்து, இன்னாம்மா சத்தம், உள்ள யாரு கீறாங்க, கதவத் தொறம்மா என்று தட்டினான். திறந்ததும் பார்த்துவிட்டு, நைனா, இன்னா இது என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தரைத் தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாரே அப்துல் சமத் பாய், அவர்தான் அப்பாவின் கையைத் துணியில் சுற்றித் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவனுக்கு ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு காலும் நன்றாக வெந்துவிட்டதாம், இன்னும் படுக்கையில்தான் இருக்கிறான், நடக்க மாதக்கணக்காகும் என்கிறார்கள். எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. ராத்திரி கண்ணை மூடினால் மறுபடி மறுபடி ஊற்றுகிறேன், ஒவ்வொரு தடவையும் நிம்மதியாக இருக்கிறது. நீ என்னைப் பார்த்துப் பயந்தாலும் பரவாயில்லை, உன் அம்மா இப்படியும் இருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாம் கொடுத்த புகார் ஒரு பக்கம், நான் கொல்லப் பார்த்தேன் என்று அவன் வீட்டார் கொடுத்த புகார் ஒரு பக்கம். வக்கீல் ஸ்வர்ணலதா முன்ஜாமீன் வாங்கிக் கொடுத்துவிட்டார், தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் காய்கறி வாங்கி வருகிறேன், அதுவும் பழகிவிட்டது. முருகன் சித்தப்பாதான் ஆட்டம் போடுகிறார். பிரியா ஒரு தடவை வந்து உட்கார்ந்து பேசிட்டா ரெண்டு பக்கமும் கேஸை வாபஸ் வாங்கிருவாங்க மதினி, இல்லேன்னா நீங்க இந்த வயசுல ஜெயிலுக்குப் போணும், கடைப் பேரு நாறிப்போகும் என்கிறார். உனக்கும் எப்படியாவது போன் பிடித்துப் பேசுவார், உங்க அம்மா உள்ளே போயிருவா என்று அழக்கூட அழுவார். அப்பா அவரிடம் என்ன சொன்னார் தெரியுமா, ஏல, காயாத பெயிண்ட் மேல திரும்ப பிரஷ்ஷ வச்சா அடியில உள்ளதும் சேந்து உரிஞ்சு வந்துரும்ல, சும்மா கெட என்றார். தம்பியை அவர் அப்படி ஏல போட்டுப் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. எனக்கு அவரளவு அழகாகப் பேசத் தெரியாது. நீ வராதே, அவ்வளவுதான். என்னை ஜெயிலில் போட்டாலும் வராதே. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று யார் சொன்னாலும், என் குரலிலேயே சொன்னாலும் வராதே.

அப்பாவின் மூன்று விரலிலும் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறது. பிடிமானம் எவ்வளவு திரும்பும் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அவன் சுவரில் வீசிய அந்தக் கடைசிக் காரில் கூரை விரிசல் விட்டு, ஒரு சக்கரம் காணாமல் போனதோடு சரி. அதை உனக்கு அனுப்பவேண்டும் என்று பிடிவாதம். இடது கையால் தின்னரைத் தொட்டு அந்த ஊர்ப் பெயரைத் துடைத்தார், சுற்றியிருந்த நீலமும் சேர்ந்து போய்விட்டது, மறுபடி பூசவேண்டும். அவரால் முடியாது, அதனால் நான் பூசினேன். அழுத்தாதட்டி, அழுத்தாதட்டி என்று பக்கத்தில் நின்று உயிரை எடுத்தார், ஃபேனை நானே நிறுத்தினேன். பிரஷ் போன கோடெல்லாம் தெரிகிறது, பார்த்தால் சிரிப்பாய். இந்தக் கடிதத்தோடு ஸ்நேஹா தரும் பொட்டலத்தில் கார் இருக்கிறது, அவருடைய மெல்லிய பிரஷ்ஷும் இருக்கிறது, விமானத்தில் பெயிண்ட்டை விடமாட்டார்களாம், அதனால் எழுத வெள்ளைப் பெயிண்ட் மட்டும் அங்கே வாங்கிக்கொள். ஊர்ப் பெயர் இருக்கவேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருக்கிறோம்.

அந்த அலறலைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். அவன் நடுவிரலை அடித்தபோது கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவில் கிடந்த என் வாயிலிருந்து உன் ஊரின் முதல் எழுத்து வந்துவிட்டது. முழுப் பெயரும் வந்திருக்கும் பிரியா, நாக்கு நுனியில்தான் இருந்தது. என் குரல் அவன் காதில் விழாமல் இருக்கத்தான் அப்பா அப்படி அலறினார். வலிக்கு அவர் அலறவில்லை. இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதனால் அம்மா சொல்வதைக் கேள். சீக்கிரமாக வீடு மாறு, முடிந்தால் ஊரே மாறு. மாறிய பிறகு எந்த ஊர் என்று எங்களுக்குச் சொல்லாதே. நான் அழுது கேட்டாலும் சொல்லாதே. உன் புது ஊரின் பெயரை அந்தக் காரில் நீயே எழுதிக்கொள், உன் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி பூட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார். காதுக்கு டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. திருச்செந்தூர் முருகன் நீ போகிற வழியெல்லாம் உனக்கு முன்னால் போகட்டும், உன் கையில் இருக்கும் வேலை நிலைக்கட்டும், உன் மேல் ஒருத்தன் கை ஓங்காத வீடு உனக்கு அமையட்டும். அப்பா இடது கையால் கீழே ஏதோ கிறுக்கியிருக்கிறார், அது அவர் கையெழுத்துத்தான். படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அம்மா
பொன்மணி சுயம்புலிங்கம்

அப்பா