காது கிழிந்த கிடா

12 ஜூன் 2006, திங்கள்

தீபாவளிப் பட்டாசு லேபிள் வேலை இப்போதே ஆரம்பித்துவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே கழுத்து பிடித்துக்கொண்டது. நாளை விருதுநகர் போகச் சொல்லியிருக்கிறார் பிரஸ் முதலாளி கனகசபாபதி. அங்கே புதிதாக ஒருவர் ஜிஞ்சர் பீர் போடுகிறாராம். பாட்டில் லேபிள் ஆர்டர்.

"பீர் கம்பெனிக்கா? பொம்பளப் பிள்ளைய அனுப்ப வேற ஆளே கிடைக்கலயா அவுகளுக்கு?" என்றாள் அம்மா. இஞ்சியும் எலுமிச்சையும் சீனியும் ஊறவைத்துச் செய்வது, போதையெல்லாம் கிடையாது என்று சொல்லியும் நம்பவில்லை.

13 ஜூன், செவ்வாய்

கம்பெனி என்றால் பருத்தி மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கி. பின்னால் பீப்பாய்கள். முன்னறையில் நாலு பெஞ்சு, வருகிறவர்கள் உட்கார்ந்து குடிக்க. சுவர் முழுக்கப் படங்கள். எல்லாம் இந்தப் பக்கத்து ஆட்கள் வரைந்தவை – ஒரு பஸ் கண்டக்டர், ஒரு சத்துணவு டீச்சர், எம். புதுப்பட்டியில் வெடி சுற்றுகிற ஒரு அக்கா. ஒவ்வொன்றின் கீழும் பெயர், ஊர். மாதம் ஒரு படத்தைப் பெயரோடு பாட்டிலில் ஒட்டுகிறார் லட்சுமிகாந்தம். கம்பெனி அவருடையது. அறுபது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறார்.

"போன வாரம் நாரணாபுரத்துல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சும்மா" என்றார். "பாண்டிச்செல்வின்னு பேரு. நல்ல கை. ஆனா கொண்டாந்தது கிடா மார்க் சரவெடி லேபிளு. நான் லேபிள் சேக்குறவன், எங்கிட்டயே இருக்கு. காதுல இருக்க கிழிசலக்கூட விடாம அப்படியே எடுத்திருக்கு. பாத்து வரஞ்சது வேண்டாம்மான்னு அனுப்பிட்டேன்."

குடிக்கக் கொடுத்த பாட்டிலைப் பாதியிலேயே வைத்தேன். லேபிள் அளவை எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை? அங்கேயே சொல்லியிருக்கலாமே.

14 ஜூன், புதன்

இரண்டு வருடமாக இந்த நோட்டில் எழுதாததை எழுதுகிறேன்.

அந்தக் கிடா செல்வி வீட்டுக் கிடா. நாய் கடித்துக் காது கிழிந்தது. கழுத்தைத் திருப்பி அது முறைப்பதை அவள்தான் வரைந்தாள். பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போய்வந்து, மருந்துக் கறை போகாத விரலால் வரைவாள். ஒரே தெரு, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாக இருக்கிறோம். பார்த்துவிட்டுத் தா என்று நோட்டை என்னிடம் விட்டுப் போயிருந்தாள். முதலாளி அவசரமாக ஒரு லேபிள் கேட்டார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஸ்கேன் போட்டேன். "யாரு வரஞ்சது?" என்றார். "நாந்தாங்க."

ஒரு வார்த்தைதான். மறுநாளிலிருந்து நான் டிசைனர். கிடா மார்க் வடக்கே போகிற சரக்கு, நாரணாபுரத்துக் கடையில் தொங்காது, அவள் கண்ணில் படாது என்று நினைத்துக்கொண்டேன்.

18 ஜூன், ஞாயிறு

குழாயடியில் செல்வி. நானாக ஆரம்பித்தேன், இப்போதெல்லாம் வரைகிறாயா என்று. என்ன வாய் இது.

"நோட்ட அடுப்புல போட்டுட்டேன்" என்றாள்.

"ஏன்ட்டி?"

"அவரு லேபிள எடுத்துக் காட்டுனாரு, பானு. கீழ ஓரமா உங்க பிரஸ் பேரு இருந்துச்சு."

குடம் நிறைந்து வழிந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அவர்ட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? என் சேக்காளி களவாண்டுட்டாள்னா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால்கூட –

21 ஜூன், புதன்

லீவு போட்டுவிட்டு விருதுநகர் போனேன். லட்சுமிகாந்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொன்னவர், கேட்டு முடித்ததும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"என் வீட்டுக் கிடா சார், என் வீட்டுக் கிடான்னு மூணு தடவ சொல்லுச்சும்மா அந்தப் பொண்ணு. நான் சிரிச்சேன்."

கூட வந்து வீட்டைக் காட்டுகிறேன் என்றேன்.

"தெருவு பேரு மட்டும் சொல்லுங்க. நீங்க வரவேண்டாம்."

26 ஜூன், திங்கள்

முதலாளியிடமும் சொல்லிவிட்டேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன். "யாரு வரஞ்சா என்னம்மா, மார்க் நல்லா ஓடுதுல்ல. போய் வேலையப் பாரு" என்றார். செல்வி பெயரைக்கூடக் கேட்கவில்லை.

திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்டனை கிடைத்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேனோ?

2 ஜூலை, ஞாயிறு

நேற்று லட்சுமிகாந்தம் நாரணாபுரம் வந்தாராம். செல்வி வாசலைவிட்டு இறங்கவில்லையாம். அவர் வெயிலில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டாராம். அம்மா வந்து சொன்னாள். "அம்புட்டுப் பெரிய மனுசன், இந்தப் பிள்ளைட்ட எதுக்குக் கும்பிட்டாரு?"

17 ஜூலை, திங்கள்

பட்டாசுக் கம்பெனி வேனில் செல்வி ஏறவில்லை. விருதுநகர் பஸ்ஸில் போனாள்.

12 நவம்பர், ஞாயிறு

நாலு மாதமாக லேபிள் பிரூஃபெல்லாம் ஆள் மூலம்தான் போய்வருகிறது. இன்று நானே விருதுநகர் போனேன். வேலை ஒன்றும் இல்லை. சும்மா.

சுவரில் செல்வியின் படங்கள் மூன்று. வேனுக்குக் காத்திருக்கிற பெண்கள், மழையில் ஒரு பஸ், அவள் அம்மாவின் கை. கீழே 'பாண்டிச்செல்வி, நாரணாபுரம்'. கிடா இல்லை. திரும்ப வரையச் சொல்லிக் கேட்டாராம் லட்சுமிகாந்தம். அது மட்டும் வராது என்றுவிட்டாளாம்.

முன்னறையை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபத்தைத்தான் எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"வாங்க" என்றாள். "உக்காருங்க. கூலிங் வேணுமா, சாதாவா?"

"சாதா."

பாட்டிலைத் துடைத்து, திறந்து, என் முன்னால் வைத்தாள். அடுத்த பெஞ்சில் ஒரு குடும்பம் வந்து உட்கார, அவர்களையும் அதே மாதிரி "வாங்க" என்றாள். குடித்து முடிக்கும்வரை இருந்தேன். பிறகு, வருகிறேன் என்றேன்.

"போய்ட்டு வாங்க" என்றாள் செல்வி.