பிடுங்கிய கோரை

ஏங்க,

போன்ல பேசினா மறுபடி சண்டையாயிடும், அதான் எழுதறேன்.

பாத்ரூம் தண்ணி தேங்குற இடத்துல, தண்ணியை உறிஞ்சட்டும்னு ஏரிக்கரையிலிருந்து கொண்டாந்து நான் நட்ட கோரையைக் களைன்னு நெனச்சு ஒண்ணு விடாம பிடுங்கிட்டீங்க. காட்டுல களை பிடுங்கியே பழகின கை, கோரையைப் பாத்தா சும்மா இருக்குமா? நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். நீங்க சாப்பிடாமலேயே வேலைக்குன்னு பொம்மிடியில ரயிலேறிட்டீங்க.

நேத்து மழை விட்டதும் போய்ப் பாத்தேன். கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளயே இருந்திருக்குங்க. தளதளன்னு மறுபடி வந்திருக்கு, தண்ணியும் தேங்கல. அப்பாடான்னு அங்கயே உக்காந்துட்டேன்.

சனிக்கிழமை வந்தா அதுல கை வெக்காதீங்க. அம்மா வூட்டுக்குப் போகக் கட்டி வெச்ச பையை நானும் பிரிச்சிட்டேன்.

இப்படிக்கு,
உங்க வூட்டுக்காரி