எங்கள் வீட்டு இரண்டு ஓட்டு

பிப்ரவரி 3

கல்லூரியில் புது வாக்காளர் குழுவை என் தலையில் கட்டிவிட்டார்கள். பொருளாதாரம் நடத்துகிறவளுக்கு நேரம் நிறைய இருக்குமாம். பதினெட்டு முடிந்த பிள்ளைகள் எல்லோரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். முப்பது படிவம் கொடுத்தேன், நான்கு திரும்பி வந்தது. ஒன்றில் போட்டோ ஒட்டும் இடத்தில் ஆதார் ஜெராக்ஸ்.

பிப்ரவரி 11

என் மகள் நௌஷினும் இதே கல்லூரிதான். அவள் படிவத்தையும் நானே நிரப்பினேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கையெழுத்து மட்டும் போட்டாள். கோபம் வருகிறதே எனக்கு!

மார்ச் 17

நோன்போடு தொண்டை வறளக் கத்தினேன். கோவில்பத்துப் பையன் தமிழ்வேந்தன் — பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கியவன் — அரை மணி நேரம் அரசியல் பேசினான். எந்தக் கூட்டணி, எத்தனை சீட், எல்லாம் விரல் நுனியில். எல்லாமே தமிழ்நாட்டுக் கணக்கு.

"சரிடா, நமக்கு ஓட்டு என்னைக்கு?"

"டிவியில சொன்னாங்களே மேடம், இருபத்து மூணு."

"அது நாகூர்க்காரங்களுக்குடா! நமக்கு ஒன்பதாம் தேதி. காரைக்கால் புதுச்சேரியில சேர்ந்தது, தெரியுமா தெரியாதா?"

வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களிடம் அவரவர் தொகுதி எம்.எல்.ஏ. பெயரைக் கேட்டேன். பெஞ்சுக்கு அடியில் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தார்கள். வாஞ்சூர் எல்லைச் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் தெரியும், நம் தெருவுக்கு யார் என்று தெரியாது. அல்லாவே, இதுகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

மார்ச் 28

வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தைத் திரையில் காட்டினேன். சொத்து, வழக்கு, படிப்பு, எல்லாம் போனிலேயே பார்க்கலாம். "யார் சொன்னாலும் கேக்காதீங்க. படிச்சிட்டுப் போடுங்க. போட்டதை யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல." நன்றாகத்தான் பேசினேன். நௌஷின் கடைசி பெஞ்சில். கையில் போன். பெற்ற பிள்ளையே இப்படி.

மார்ச் 31

ஷார்ஜாவிலிருந்து இவர் — நௌஷினின் வாப்பா — பேசினார். ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும் போன்தான்.

"நம்ம வீட்டு ரெண்டு ஓட்டும் நான் சொல்ற ஆளுக்குத்தான் போகணும். கூட்டாளிக்கு வாக்கு கொடுத்திருக்கேன்."

சரி மச்சான் என்றேன். பக்கத்தில் நின்ற நௌஷின், "உம்மா, நம்ம தொகுதியில யார் யார் நிக்கிறாங்க? பேர் சொல்லுங்க" என்றாள்.

இரண்டு பெயர் சொன்னேன். மூன்றாவது வரவில்லை.

"ஏழு பேரு." ஏழையும் ஒப்பித்தாள். கடைசி பெஞ்சில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பத்திரங்களைத்தானாம்.

ஏப்ரல் 1

எரிச்சல். அவள் மீதா, என் மீதா?

எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. இந்த வீடு என் பேரில். இவர்தான் இங்கே வந்த மாப்பிள்ளை. ஊருக்கு வந்தால் ஓர் ஆணி அடிக்கக்கூட என்னைக் கேட்பார். ஓட்டை மட்டும் இருபத்திரண்டு வருஷமாக அவர் சொன்ன இடத்தில் போட்டிருக்கிறேன். நிற்கிறது யார் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையே சஜிதா! ஊர்ப் பிள்ளைகள்கிட்ட கத்துறியே, வெக்கமா இல்ல?

ஏப்ரல் 4

ஏழு பத்திரமும் படித்தேன். இவர் சொன்ன ஆளுடையதை இரண்டு முறை.

ஏப்ரல் 8

தூக்கமில்லை. வாக்கு கொடுத்தது அவர். போடப்போவது நான்.

ஏப்ரல் 9

காலையிலேயே தமிழ்வேந்தன் மை வைத்த விரலைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். 'ஒன்பதாம் தேதிதான் மேடம்.' நக்கலைப் பார்!

நானும் நௌஷினும் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று போட்டோம். திரும்பி வரும்போது கேட்டேன், "யாருக்குடி போட்ட?"

"சொல்ல வேண்டியதில்லன்னு வகுப்பெடுத்தது யாரு?"

வாயாடி. சுருக்கென்று கோபம் வந்தது.

அஸர் தொழுதுவிட்டு எழுந்தேன், இவர் போன். "போட்டாச்சா? நான் சொன்ன ஆளுக்குத்தானே?"

"போட்டாச்சு மச்சான்."

"யாருக்குன்னு கேக்குறேன்."

"அதைச் சொல்ல வேண்டியதில்ல."

"புள்ளைகிட்ட கொடு" என்றார். கொடுத்தேன். அவளும் அதையேதான் சொன்னாள்.