பட்டை நிற்கிறதா பார்

கோட்டைமேடு, கோவை
12.11.1994

அன்பு மகள் ஃபர்சானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா, தம்பி உவைஸ், நான் மூவரும் சுகம், அங்கே நீ குளிருக்கு இருமாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும். அத்தாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனாலும் கருமத்தம்பட்டி தறிக்காரர்களைப் பார்க்க பஸ்ஸில்தான் போவேன் என்கிறார். உவைஸ் பிளஸ் டூ படிக்கிறான் என்று பெயர், கிரிக்கெட் மட்டைதான் கையில்.

உன் கடிதம் வந்தது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் அடுத்த வருஷ வேலைக்கு அடிப்படையாக எடுத்திருக்கும் பழைய கட்டுரை அம்மாவின் பேராசிரியர் திருமலைசாமியுடையது, பெருமையாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். பெருமைப்படாதே. அந்த நான்கு அமினோ அமிலச் சங்கிலியைச் செய்தது நான், பதினொரு மாதம் ஆனது. சங்கிலி தன் மேலேயே திரும்புகிறது, முதல் அமிலத்தின் ஆக்சிஜன் நான்காவதின் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கிறது, அகச்சிவப்பு நிறமாலையில் வரும் பட்டைதான் அதற்குச் சாட்சி என்று அவர் எழுதியிருப்பார். எனக்கு அப்போதே சந்தேகம். கெட்டியான கரைசலில் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்தாலும் அதே பட்டைதான் வரும். நீர்க்க வைத்துப் பார்க்கலாம் சார் என்றேன், வந்த பட்டையை எதுக்குங்க அம்மணி கலைக்கறீங்க என்றார். அவர் கிணத்துக்கடவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று நானே குளோரோஃபார்மில் பத்து மடங்கு நீர்க்க வைத்து, ஒளி அதே அளவு பொருளைக் கடக்கட்டும் என்று பத்து மடங்கு நீளமான செல்லில் ஊற்றிப் பார்த்தேன். பட்டை காணோம். திருப்பமும் இல்லை ஒன்றும் இல்லை, கூட்டத்தில் சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன, அவ்வளவுதான்.

மறுநாள் அந்த நிறமாலை வரைந்த தாளோடு அவர் அறைக்குப் போனேன். நீ வயிற்றில் ஏழு மாதம். மேசைமேல் கட்டுரையின் தட்டச்சுப் பிரதி, என் பெயர்மேல் பேனாக்கோடு, பக்கத்தில் அவர் மைத்துனர் பெயர். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "புள்ளை பொறந்தா நீங்க எங்கீங்க திரும்பி வரப்போறீங்க, பேரு எதுக்குங்க" என்றார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை, வார்த்தைக்கு வார்த்தை ங்க. தாளைக் கைப்பையை விட்டு எடுக்காமல் சரிங்க சார் என்று வந்துவிட்டேன். பயந்து அல்ல. தப்பை அவரே அச்சில் ஏற்றிக்கொள்ளட்டும் என்றுதான். இருபத்து மூன்று வருஷமாக யாரும் கேட்கவில்லை, இப்போது அதில் நீ மாட்டப் போகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு மனைவியோடு வீட்டுக்கே வந்தார். மார்ச்சில் ஓய்வு பெறுகிறார், பாராட்டு விழா, அந்தக் கட்டுரையைப் பற்றி நான் பேச வேண்டுமாம். அவர்கள் போனதும் அத்தா, வேண்டாம் சாஜிதா, ரிட்டயர் ஆகப்போற மனுஷன், விட்டுடு என்றார். விட மாட்டேன். கட்டாயம் பேசுறேங்க சார் என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

தாளின் நகல் இதோடு இருக்கிறது. அதையும் நம்பாதே. ஒரே தடவைதான் செய்தேன், அதுவும் அவசரத்தில். குளோரோஃபார்ம் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஆல்கஹாலை முதலில் நீக்கினேனா என்று இப்போது சத்தியம் செய்ய முடியாது, அதுவே பட்டையைக் கலைத்திருக்கலாம். நீ நீக்கி, நன்றாக உலர்த்தி, மூன்று தடவை செய். பட்டை நின்றால் ஒளிக்காமல் எழுது, சார் சொன்னது சரி, நான்தான் தப்பு என்று மேடையிலேயே சொல்வேன். பெயரை அடித்தது அப்போதும் சரியாகாது, அதையும் சொல்வேன். பட்டை மறைந்தால் உன் பேராசிரியரிடம் சொல்லி வேலையை நிறுத்து, மூன்று தாளையும் எனக்கு அனுப்பு. பொன்னாடை போர்த்தி முடிந்ததும் மைக்கில் படிக்கிறேன். மைத்துனர் இப்போது காங்கேயத்தில் எண்ணெய் மில் நடத்துகிறாராம், அவருக்கும் முன் வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும் நடுங்காத கையையும் தரட்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. விழா மார்ச் பதினெட்டு, தபால் வர இருபது நாள் ஆகிறது, பார்த்துக்கொள்.

உன் அம்மா
சாஜிதா பேகம்