மாட்டைப் பார்க்க வந்தவருக்கு

அத்தை,

இன்று காலை பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையில் தேங்காய்ப் புண்ணாக்கு மூட்டையைப் பிரித்தார்கள். தினமும் முகர்கிற வாசம்தான், ஆனாலும் இன்று அது மூக்கில் ஏறியதும் என்ன வாங்கப் போனேன் என்பதே மறந்துவிட்டது. "என்னக்கா, தல சுத்துதா?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கு எழுத்து தெரியாது. நீங்கள் உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தாலும் யாராவதுதான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் விட்டவை நிறைய இருக்கின்றன.

உங்கள் மகன் என்னைத் தீர்த்துவிட்ட நாள் நினைவிருக்கிறதா? கிள்ளானில் கோயில் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லை, வேறு பெண் பார்த்தாகிவிட்டது என்றார் அவர். ஒரு துரும்பைக் கிள்ளி என் கையில் வைத்தார். நம் வழக்கப்படி அத்தோடு கல்யாண பந்தம் அறுந்தது. "வேற ஏதும் பேச இருக்கா?" என்று பெரியவர் ஒருவர் கேட்டபோது, பெண்கள் பக்கத்திலிருந்து உங்கள் குரல் வந்தது.

"செவல மாடு அவகூடப் போகட்டும்."

"என்னம்மா பேச்சு இது?" என்றார் உங்கள் மகன்.

"அவ கை படாம அது பால் விடாது. வெச்சிக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?"

பெரியவர்கள் சிரித்துவிட்டுச் சரி என்றார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உதைக்கிற மாட்டையும் மலட்டு மருமகளையும் ஒரே லோரியில் ஏற்றி அனுப்புகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். அதற்காக உங்களை இரண்டு மாதம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்த அவருக்குக் குவார்ட்டர்ஸில் இருந்தது ஒரே அறை. "மனுசங்களுக்கே எடமில்ல, மாடு வேறயா?" என்றார் அண்ணி. சொன்ன கையோடு, பின்பக்கம் மாட்டுக்கு அத்தாப்பு ஓலைக் கூரை போடக் கம்பு பிடித்ததும் அவர்தான்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். குளிக்கவில்லை, தலை வாரவில்லை, தட்டில் வைத்த சோறு காய்ந்து போகும். ஆனால் விடிந்ததும் மடி கனத்து மாடு கத்தும். அண்ணி போனால் உதைக்கும். அதனால் நான் எழுந்தே ஆக வேண்டியிருந்தது. அதன் வயிற்றில் நெற்றியை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தபோதுதான் முதல் தடவை அழுகை வந்தது. கறந்துகொண்டேதான் அழுதேன். செவலை அசையாமல் நின்றது.

கறந்த பாலைக் கொட்டவா முடியும்? முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "நீதான கிள்ளான்லேர்ந்து வந்த பொண்ணு?" என்று ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். என்ன கேட்கப் போகிறாரோ என்று முக்காட்டை இன்னும் இழுத்துக்கொண்டேன். "நாளைக்கும் ஒரு போத்தல் ஊத்து. தண்ணி கலக்காத" என்றார், அவ்வளவுதான். திரும்பும் வழியில் முக்காடு நழுவியதை நான் கவனிக்கவில்லை.

நீங்கள் ரயிலேறி வந்தது அதற்குப் பிறகு.

"மாட்டப் பாக்க வந்தேன்" என்று சொல்லி வீட்டுக்குள் வராமல் நேரே கொட்டகைக்குப் போனீர்கள். கை மாட்டின் முதுகில் இருந்தது. கண் என்மேல்.

"சரியாத் திங்குதா?"

"மொதல்ல திங்கல. இப்பத் திங்குது."

"தூங்குதா?"

"நடுவுல முழிச்சிக்குது, அத்தை." சொன்ன பிறகுதான் உறைத்தது. "இன்னும் அத்தைன்னு கூப்பிடலாமா?"

"துரும்பக் கிள்ளினது அவன். நான் கிள்ளல."

பிறகு என்னை மரத்தடியில் உட்காரவைத்து, ரயில் நேரம் வரை என் தலையில் சிக்கெடுத்தீர்கள். அண்ணன் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள்.

மாதம் ஒருமுறை அப்படியே வந்தீர்கள். அந்த வீட்டுப் பேச்சை ஒருநாளும் கொண்டு வந்ததில்லை. பேரன் பிறந்ததைக்கூட ஊரார் சொல்லித்தான் அறிந்தேன். "புள்ள யாரு மாதிரி?" என்று நானாகக் கேட்டேன். "புள்ள மாதிரி இருக்கு" என்றீர்கள். உங்கள் மடியில் கிலுகிலுப்பை ஒன்று இருந்தது. அது சத்தம் போடாமல் இருக்க, போகும் வரை கையை மடியிலேயே வைத்திருந்தீர்கள். அதற்குள் எனக்கு நல்ல தூக்கம் வரத் தொடங்கியிருந்தது, அத்தை. அன்றும் தூங்கினேன்.

நான் தனியாக ஒரு வீடு பிடித்த மறு வருஷம் செவலை வயிறு உப்பிச் செத்துப்போனது. கன்றுகள் வளர்ந்து கறவைக்கு வந்துவிட்டதால் பிழைப்புக்குக் குறையில்லை. இனி நீங்கள் எதற்கு வரப்போகிறீர்கள் என்பதுதான் என் பயம். சொல்லி அனுப்பவே இல்லை. நீங்கள் வந்தீர்கள்.

"மாடு போயிடுச்சு, அத்தை."

"தெரியும். டேசன்ல சொன்னாங்க."

"தெரிஞ்சுமா..."

நீங்கள் கால் கழுவி, முதல் தடவையாக என் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தீர்கள். "சோறு வடிச்சிட்டியா? பசிக்குது." கருவாட்டுக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய அன்று கிள்ளானுக்கு ஓடி வந்தேன். உள்ளே போக எனக்கு என்ன பாத்தியதை என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். உங்கள் மகன் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய மனைவி வெளியே வந்து என் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா. தலைக்கு நீங்க மொதல்ல எண்ண வைங்க. அப்புறம் நான் வெக்கிறேன்" என்றாள். உங்கள் நெற்றி அப்போதும் லேசாகச் சூடாக இருந்தது போலத் தோன்றியது.

அடுத்த வாரம் உங்கள் திதி. பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பெண்ணிடம், அன்று மட்டும் என் மாடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"கிள்ளான்ல யாருக்கா இருக்காங்க? வீட்டுக்காரரா?" என்று கேட்டாள்.

"வீட்டுக்காரர் இல்லம்மா" என்றேன். "மாமியார் உண்டு."