மூலைத் துணி

கரமனை, 6.12.1973

அத்தானுக்கு,

நலம். அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு இதுதான் முதல் கடிதம். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. கணக்குப் பரீட்சை எழுதப்போகிறேன். நீங்கள் வேண்டாம் என்றதற்குத்தானே சண்டை.

x² + 10x = 39. பத்தில் பாதியை வர்க்கித்துக் கூட்ட வேண்டுமாம். ஏன் பாதி? டுடோரியல் சார், "சோத்தியம் வேண்டா, காணாதெ படிச்சால் மதி" என்கிறார். கேள்வி கேட்காமல் உருப்போட எனக்கு மனசில்லை. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

உலகம்மை

போனக்காடு, 14.12.1973

உலகம்மைக்கு,

ஏன் என்று கேட்பவள் பாஸாக மாட்டாள். விதி அதுதான். x² + 10x + 25 = 39. அதாவது (x + 5)² = 39. முழு விடை வராது; புத்தகத்தில் அச்சுப்பிழை. எஸ்டேட் ஆபீஸ் கணக்கே எனக்குத் தலைக்குமேல் கிடக்கிறது. சமைக்க ஆளில்லை, இரண்டு வேளையும் கிழங்குதான். படித்தது போதும், வந்து சேர்.

நீலகண்டன்

கரமனை, 22.12.1973

அத்தானுக்கு,

என் பெட்டியில் உங்கள் பழைய வேட்டி ஒன்று வந்துவிட்டது. அதில் ஒரு சதுரமும், அதே உயரத்தில் பத்து அங்குல அகலத் துண்டும் வெட்டினேன். துண்டை அப்படியே ஒரு பக்கம் தைத்தால் நீளந்தான் கூடுகிறது. ஐந்தைந்து அங்குல அகலமாக இரண்டாகக் கிழித்து, பக்கத்தில் ஒன்றும் கீழே ஒன்றுமாகத் தைத்தேன். அதற்குத்தான் பாதி. அப்போதும் ஒரு மூலை காலி, ஐந்துக்கு ஐந்து. அந்த 25-க்குப் புதுத்துணி வைத்தால் 39-உம் அதுவும் கூடி 64 ஆகிறது. எட்டெட்டு அறுபத்துநாலு; எட்டில் ஐந்து போனால் x மூன்று. இன்னொரு விடை மைனஸ் பதிமூன்று, துணிக்கு ஆகாது.

புத்தகத்தில் பிழை இல்லை. நீங்கள் ஒரு பக்கம் மட்டும் கூட்டிவிட்டு, மறுபக்கம் 39-ஐ அப்படியே விட்டுவிட்டீர்கள்.

உலகம்மை

கரமனை, 2.6.1974

அத்தானுக்கு,

பாஸாகிவிட்டேன். இங்கேயே ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. உங்களை விட்டுவிடவும் மனம் வரவில்லை. பதினைந்தாம் தேதி சனிக்கிழமை பாதி வழியில் விதுரா வரை பஸ்ஸில் வருகிறேன். நீங்களும் அதுவரை இறங்கி வாருங்கள். அங்கே ஒரு வீடு பார்த்தால் நீங்கள் ஆபீசுக்கும் நான் பயிற்சிக்கும் போய்வரலாமா என்று பேசுவோம்.

உலகம்மை

போனக்காடு, 11.6.1974

உலகம்மைக்கு,

பாஸானது சந்தோஷம். கணக்கில் அவசரத்தில் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். பெண்டாட்டியைப் பார்க்கப் பாதி வழி இறங்கிப் போனவன் என்று எஸ்டேட்டில் சிரிப்பார்கள். மழையும் விடவில்லை. விதுரா வரை வருகிறவள் மேலேயே வந்துவிடலாமே. வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன். வேறென்ன வேண்டும்?

நீலகண்டன்

கரமனை, 16.6.1974

அத்தானுக்கு,

விதுராவில் கடைசி பஸ் வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினேன். வந்த பிறகுதான் உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். வருத்தமாக இருந்தது. இப்போது இல்லை.

நான் என் பக்கம் கூட்டினேன்; நீங்கள் இன்னும் 39-லேயே நிற்கிறீர்கள். நாளை பயிற்சியில் சேர்கிறேன். தைத்த துணி என்னிடம் இருக்கட்டும். வேட்டியின் மீதியைத் தபாலில் அனுப்புகிறேன்.

உலகம்மை